பெரட்டுக்கு வராத ஆள்

போன மாதம் மலாக்காவில், ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் மூத்த குடிமக்களுக்கென்று இலவசச் சொற்பொழிவு ஒன்று நடந்தது. இலவசம் என்றதும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தவன் நான். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் திரையில் ஒரு படம் காட்டினார். அவரை விதையை இரண்டாகப் பிளந்து உள்ளே பாயைச் சுருட்டி அடைத்தது போல இருந்தது. அதன் பெயர் மைட்டோகாண்ட்ரியாவாம். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது உட்கார்ந்துகொண்டு, தின்ற சோற்றை எரித்துச் சக்தி தருகிறதாம். அது சுணங்கினால் ஆண்களுக்கு 'அந்த விஷயத்திலும்' சுணக்கம் வருமாம். அதைச் சரிப்படுத்தும் மாவு டின் டின்னாக மேசைமேல் இருந்தது.

"அங்கிள், உங்க செல்லுல பவர் இருக்கா?" என்று என் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டார் இளைஞர்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோடு இருக்கு தம்பி" என்றார்.

மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்ததும் இளைஞர் என் பக்கம் திரும்பி, "அங்கிள் என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். "டிரசர்" என்றேன். "ஓ, தையல் கடையா?" என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரசர் எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சங்கதி. புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவது, மருந்து கலப்பது, ஊசி போடுவது, டாக்டர் வராத ஆறு நாளும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது, இதுதான் டிரசர் வேலை. கடைசி வேலையில் எனக்குத் தேர்ச்சி அதிகம். ஓய்வுபெற்ற எங்கள் மருத்துவ உதவியாளர் சங்கத்தார் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என்ன எழுதுவது என்று தெரிந்துவிட்டது. அந்த இளைஞர் காட்டிய விஷயத்தை, படமில்லாமல், மாவு டின் இல்லாமல், வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்திலேயே எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் நான் ஒரு மனிதனைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

நான் மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்தவன். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் ஊசி போட்டபோது நோயாளியைவிட நான்தான் பெரிதாகக் கத்தினேன். புத்தகத்தில் ஆண்மைக் குறைவு பற்றி ஒரு பக்கம் இருந்தது. எங்கள் ஆசிரியர் அந்தப் பக்கம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். நாங்களும் தொண்டையைச் செருமிக்கொண்டோம். பாடம் முடிந்தது. இந்த ஞானத்தோடு, இருபத்திரண்டு வயதில், கல்யாணம் ஆகாத கட்டையாக, ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வேலைக்குப் போய் இறங்கினேன்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த காலம் அது. காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடும் மருந்தும் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரிசி பங்கீடு. அதையும் வீட்டில் பொங்க முடியாது. பொதுச் சமையல் கொட்டகையில் வடித்து, சோறாகத்தான் கொடுப்பார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே ஒரு கவளம் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவல்காரர்கள் இடுப்பு, கூடை, பால் வாளி எல்லாம் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். விடிவதற்கு முன் வெறும் கோப்பி குடித்துவிட்டுப் போனால், மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்துதான் சோறு.

எனக்கும் சட்டம் இருந்தது. மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு. நோயாளிப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு முத்திரை குத்தியிருக்கும். கிழிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வழக்கத்துக்கு மாறாக யாராவது மருந்து கேட்டால், பெரட்டுக்கு வராத ஆள் பற்றித் தெரியவந்தால், உடனே எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். என்னைப் போன்ற டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, ஆபீஸ் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவன் குரல் கொடுப்பான். அதுதான் பெரட்டு. நானும் போக வேண்டும். வரிசையில் ஒவ்வொருவர் வாயிலும் மலேரியா மாத்திரையைப் போட்டு, விழுங்குகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. துப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒருமுறை என் சட்டை மேலேயே துப்பினார்கள். பரவாயில்லை, சட்டைக்கு மலேரியா வரவில்லை.

நான் போய் மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை, பச்சையப்பன் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். முப்பத்தைந்து வயசு இருக்கும். நல்ல பால்வெட்டுக்காரர், வீண்பேச்சு கிடையாது. முந்தின வருஷம்தான் பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அஞ்சலை என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் போகட்டும் என்று மூலையில் காத்திருந்துவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தார்.

"ஐயா, ஒரு விசயம்... ஆளு பெரட்டுக்கு வர மாட்றான்."

"எந்த ஆளு?"

"நம்ம ஆளுதாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. முன்னெல்லாம் சங்கு ஊதுறதுக்கு முந்தியே எந்திரிச்சு நிப்பான். இப்போ படுத்த படுக்கைதான்."

எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. "எங்க படுத்திருக்கான்?"

"எங்கய்யா படுப்பான், என்கூடத்தான்."

"சாப்பாடு?"

"நான் சாப்புடறதுதான் அவனுக்கும்."

"வீட்டுக்காரிக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? அவ மூஞ்சியப் பாக்கவே முடியல." குரலை இன்னும் தாழ்த்தினார். "வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்யா. நீங்க ஏதாச்சும் மருந்து குடுங்களேன் அவனுக்கு."

"ஆளைப் பார்க்காம எப்படி மருந்து குடுக்கிறது? காட்டினாத்தான் தருவேன்."

பச்சையப்பன் வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கயா? பட்டப்பகல்லயா?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. காயம்பட்ட காட்டுக்காரன் ஒருவனை வீட்டில் ஒளித்து வைத்து, தன் பங்குச் சோற்றில் பாதியைப் போட்டு, மருந்தும் கேட்க வந்திருக்கிறான் இந்த ஆள் என்று எனக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. பதிவேட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில், முத்து முத்தான கையெழுத்தில், 'இவர் வீட்டில் ஒரு மனிதன் இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறான். பெரட்டுக்கு வருவதில்லை. இவருடைய உணவைப் பகிர்ந்துகொள்கிறான். மனைவிக்கும் தெரியும். பகலில் காட்ட மறுக்கிறார். மருந்து கேட்கிறார்' என்று எழுதினேன். தமிழில் எழுதியிருந்தால் எவனாவது படித்துச் சிரித்துத் தொலைத்திருப்பான். 'ஆளு' என்ற சொல்லை ஆங்கிலத்தில் மனிதன் என்று மாற்றியதும் அதற்குக் கை, கால், துப்பாக்கி எல்லாம் முளைத்துவிட்டது.

எழுதியதைக் கிராணியிடம் கொடுத்தேன். அவர் தோட்ட மேனேஜர் தொரையிடம் கொடுத்தார். அன்று சாயங்காலமே போலீஸ் லாரி வந்தது. வீட்டைக் கிண்டினார்கள். ஆள் இல்லை. ஒரு லேகிய டப்பாதான் கிடைத்தது. ஆள் இல்லாததே சந்தேகத்தை அதிகமாக்கியது. ஓட வைத்துவிட்டான் என்றார்கள். பச்சையப்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரியில் ஏறும்போது அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஏன் என்று தெரியாமல் பார்த்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வந்தாள். கதவண்டை நின்றுகொண்டே கேட்டாள்.

"என்னாங்கய்யா எழுதினீங்க எங்க வீட்டுக்காரரப் பத்தி?"

சட்டப்படி சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் சட்டம் நிற்கவில்லை. பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் சிரிப்பு. சிரிப்பு போய், கடைசியில் அழுகையாகவே ஆகிவிட்டது.

"ஐயா எந்த ஊரு?"

"மலாக்கா டவுன்."

"கல்யாணம்?"

"இன்னும் இல்லை."

"அதான்" என்றாள்.

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள். "இந்தத் தோட்டத்துல ஆம்பளைங்க அப்படித்தான் பேசிக்குவாங்க. நாங்க காது கேக்காத மாதிரி போயிருவோம். அந்த ஆளு வேற ஆளு இல்லீங்க. எங்க வீட்ல அவரையும் என்னையும் தவிர யாரும் இல்ல. நீங்களே புரிஞ்சிக்குங்க."

புரிந்தது. காதிலிருந்து கழுத்து வரை சூடேறியது. 'பட்டப்பகல்லயா' என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்ததும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்கன்னு கிராணி சொல்றாரு" என்றாள் அவள். "அவரு கைக்கொழந்தையா இந்த ஊருக்கு வந்தவரு. அங்க போயி யாரு வீட்டுக் கதவத் தட்டுவாரு? யாரு அந்த ஆளு, யாரு அந்த ஆளுன்னு ஸ்டேசன்ல கேக்குறாங்களாம். அவரு வாயத் தொறக்க மாட்டாரு. எனக்குத் தெரியும். கப்பல்ல போனாலும் போவாரே தவிர, நாலு பேரு முன்னாடி அதச் சொல்ல மாட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான எழுதினீங்க. நீங்களே அழிங்க."

அழிக்க முடியாத பதிவேடு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார் என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமை பச்சையப்பனை மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள், நானும் கேள்விப்பட்டிருந்தேன்.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பல தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான். வாரம் ஒருமுறை, கூரையில் ஒழுகும் கறுப்பு மோரிஸ் காரில் வருவார். இறங்கியதும் சட்டைக் கையை மூன்று மடிப்பு மடிப்பார். நான்காவது மடிப்பும் கிடையாது, இரண்டோடு நிறுத்துவதும் கிடையாது. கை கழுவுவார். நான் ஒரு பட்டியலையே வாசித்து முடிக்கும் வரை கழுவுவார். நோயாளி நின்றுகொண்டிருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யார் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி: "என்ன சாப்பிட்டனீர்? எப்ப சாப்பிட்டனீர்? ஆரோடை சாப்பிட்டனீர்?" முதல் இரண்டு சரி, மூன்றாவது எதற்கு என்று எனக்குப் புரியாது. கல்யாண வீட்டு விசாரிப்பு மாதிரி இருக்கும்.

அந்தச் செவ்வாய், அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பச்சையப்பனுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகவாவது சிரித்திருக்கலாம். அவர் தண்ணீரை நிறுத்தினார்.

"எழுதினதை அவனுக்கு வாசிச்சுக் காட்டினனீரோ?"

"இல்லை ஐயா."

"வாசிச்சுக் காட்டியிருந்தால் அவனே திருத்தியிருப்பான்." துண்டை எடுத்துக் கை துடைத்தார். "அவன்ரை வாயில இருந்து வந்ததை நீர் எழுதினால், அது அவன்ரை சொத்து காணும். திருப்பிக் காட்ட வேணும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு காரில ஏறும்."

வரிசையில் நின்றவர்களிடம், மத்தியானம் வருவேன் என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஸ்டேஷனில் பச்சையப்பனை ஒரு கம்பி அறையில் வைத்திருந்தார்கள். செல் என்றால் அந்நாளில் எங்களுக்கு இரண்டு அர்த்தம்தான்: டார்ச் லைட்டுக்குப் போடுவது ஒன்று, ஆளைப் போடுவது ஒன்று. டாக்டர் உள்ளே போனார். அந்த மூன்று கேள்வியைக் கேட்டார். பச்சையப்பன் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். சோறும் ரசமும்தான். பருப்பு, கீரை, கச்சான் கடலை, கருவாடு எதுவும் கிடையாது.

"ஏன், பங்கீட்டில பருப்பு குடுக்கிறதில்லையோ?"

"குடுக்குறாங்கய்யா. லேகியத்துக்குப் பத்தியம்."

மலாக்காவில் யாரோ ஒரு லேகியக்காரர், ஆள் எழுந்திருப்பதற்காகக் கொடுத்த லேகியம். அதைத் தின்கிற வரை பருப்பும் பயறும் கீரையும் தொடக் கூடாதாம்.

"ஆரோடை சாப்பிடுறனீர்?"

"தனியாத்தாங்க. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சாப்புட முடியல."

டாக்டர் தலையாட்டினார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, வாய்க்குள் பத்து வரை எண்ணி எடுத்தார். மாவில் அழுத்தியது போலக் குழி விழுந்தது, மேலெழும்பவே இல்லை. கெண்டைக்கால் சதையைப் பிடித்தார். பச்சையப்பன் துள்ளினார். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் ஆடவில்லை.

"தம்பி, குந்தும் பாப்பம். கை ஊண்டாமல் எழும்பும்."

பச்சையப்பன் குந்தினார். எழ முயன்றார். தொடை நடுங்கியது, முகம் கறுத்தது, பாதி தூரம் வந்து அப்படியே பின்னால் சாய்ந்தார். டாக்டர் சட்டென்று குனிந்து, விழாமல் தாங்கிப் பிடித்துத் தூக்கினார். தினமும் முன்னூறு மரத்துக்கு மேல் பால் வெட்டுகிற மனிதர், குந்தி எழுந்திருக்க முடியாமல் இருந்திருக்கிறார். நான் தினமும் அவர் வாயில் மாத்திரை போட்டவன். வாய்க்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.

"பெரிபெரி" என்றார் டாக்டர் என்னிடம்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மலாய்க்காரர், நரைத்த மீசை. பின்னால் மொழிபெயர்க்க வந்த எங்கள் கிராணி. அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நாலைந்து பேர். பதிவேட்டை வாங்கிப் புரட்டிய இன்ஸ்பெக்டர், "வியாதி இருக்கட்டும். யார் இந்த மனிதன்? அதைச் சொன்னால் போதும்" என்றார் மலாயில்.

பச்சையப்பன் என்னைப் பார்த்தார். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக. சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. கப்பலைவிட அந்த வாசலில் நின்ற நாலைந்து பேர் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தார்கள்.

"எழுதினவர் இவர்தான். இவரே விளக்கம் சொல்லட்டும்" என்று டாக்டர் என்னைக் கைகாட்டிவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

கீழே பார்த்தேன். பச்சையப்பனின் வீங்கிய கணுக்காலில் டாக்டரின் விரல் குழி அப்படியே இருந்தது.

"கால்" என்றேன்.

"என்ன?"

"கால், துவான்" என்றேன், மலாயில் 'ஐயா' போட்டு. "தோட்டத்துத் தமிழில் காலை ஆள் என்று சொல்வார்கள். கால் பெரட்டுக்கு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றார். நான் டவுன்காரன். எனக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியாது. மனிதன் என்று தப்பாக எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது."

கிராணி வாயைத் திறந்தார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கிராணி வாயை மூடிக்கொண்டார். அவர் தோட்டத்திலேயே பிறந்தவர்.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். "இவர் வீட்டில் படுத்திருக்கிறான். சரி, கால்தான். இவருடைய உணவைப் பகிர்ந்துகொள்கிறான். அதுவும் சரி." விரல் நின்றது. "பகலில் காட்ட மறுக்கிறார். காலையா?"

"வீக்கம், துவான்" என்றேன். "வெட்கப்பட்டார்."

அவர் மீசை ஒரு பக்கம் லேசாக அசைந்தது. வெகுநேரம் என் முகத்தையும் பச்சையப்பன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "எங்கள் கம்போங் கிராமத்திலும் இந்தக் கால் வியாதி உண்டு" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார். நான் எழுதியதற்குக் கீழே திருத்தம் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். பெரிபெரி, இரண்டு கால்களும் என்று எழுதி டாக்டர் போட்டார். இன்ஸ்பெக்டரும் போட்டார். எழுதிய திருத்தத்தை, டாக்டர் சொல்லாமலே, பச்சையப்பனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர பல மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

திரும்பும்போது பச்சையப்பனும் கிராணியும் தோட்டத்து லாரியில் போனார்கள். நானும் டாக்டரும் காரில். அப்போதுதான் அவர் அந்தப் பாடத்தைச் சொன்னார், என் ஆசிரியர் இரண்டு தாளாகப் புரட்டிய பக்கத்தை.

"உடம்பில ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு அடுப்பு எரியுது காணும். கண்ணுக்குத் தெரியாத அடுப்பு. சோறு விறகு. விறகு மட்டும் போதுமோ? பத்த வைக்கத் தீக்குச்சி வேணும். அது தவிட்டில இருக்கு. உங்கட சனம் புழுங்கலரிசி திண்டு பழகினதுகள், அதில தீக்குச்சி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கும். இப்ப பங்கீட்டில வாறது தீட்டின பச்சையரிசி. அதையும் கொட்டகையில வடிச்சுக் கஞ்சியைக் கீழ ஊத்துகினம். மிச்சத் தீக்குச்சி பருப்பில இருந்தது. அதை லேகியக்காரன் பிடுங்கிப் போட்டான். வயித்தில விறகு கிடக்கு, அடுப்பு எரியேல்லை."

"அதுக்கும்... இதுக்கும்..." என்று இழுத்தேன்.

"வீட்டில விறகு தட்டுப்பட்டால் முதல்ல எதை நிப்பாட்டுவினம்? பலகாரம் சுடுறதை. சோறு ஆக்கிறதைக் கடைசி வரை நிப்பாட்ட மாட்டினம். உடம்பும் அப்பிடித்தான். இருதயத்துக்கும் மூச்சுக்கும் எடுத்து வைச்சுப்போட்டு, அந்த விஷயத்தை முதல்ல மூடிப்போடும். இவன் அதை ஆண்மை போச்சு எண்டு நினைச்சு வெக்கப்படுறான். உடம்பு இவனுக்குக் கடிதம் எழுதியிருக்கு, நான் பட்டினி எண்டு. இவன் கடிதத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறான்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார். "பயமும் விறகு தின்னும். வெக்கம் அதைவிடத் தின்னும். அதுக்குத்தான் மூண்டாவது கேள்வி."

"தேறிடுவாரா ஐயா?"

"கால் தேறும். மற்றது தேறும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லை. சீனி வருத்தத்திலும் வரும், குடியிலும் வரும், மனசிலும் வரும். முதல்ல அடுப்பு எரியட்டும், பாப்பம்."

சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்ன அந்த மனிதரை, மாவு டின்னோடு நின்ற இளைஞரைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஊசி சில நாள், பிறகு மாத்திரை. பத்தியம் ரத்து. லேகிய டப்பாவை அஞ்சலை எங்கே வீசினாள் என்று தெரியாது. ஆனால் பொழுது விடியும் முன் போய் இரண்டு மணி வரை வெறும் வயிற்றோடு மரம் வெட்டினால் மாத்திரை என்ன செய்யும்? வேலிக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோகத் தடை. டாக்டர் ஒருநாள் என் மருந்துச் சீட்டுக் கட்டை இழுத்து எழுதினார்: 'தவிட்டுக் கஞ்சி, பயறு சேர்த்தது. ஒரு போத்தல். காலை ஒன்பது மணிக்கு, வெட்டும் இடத்தில் வைத்துக் குடிக்கவும். நன்றாகக் குலுக்கவும்.' அதற்குச் சீட்டு ஒட்டி, கார்க் அடைத்து, முத்திரை வைப்பது என் பொறுப்பு. சமையல் கொட்டகைக் கஞ்சி, மருந்துப் போத்தலுக்குள் போனதும் மருந்தாகிவிட்டது. வாசல் காவல்காரர் முதல் நாள் கார்க்கைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்து, "இது மருந்துதான்லா" என்று உடனே விட்டுவிட்டார். நான் அடைத்த கஞ்சிக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

ஒரு மாதத்தில் அந்த மருந்து பதினெட்டுப் பேருக்குப் போனது. குந்தி எழச் சொன்னபோது எழ முடியாதவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். 'எனக்கும் அந்தக் கால் வியாதிங்க' என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வந்தவர்களும் அதில் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, சாதாரண உடையில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் வரிசையில் கடைசியாக நின்றார். டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். ஆகவே அவருக்கு எந்தக் கால் என்று எனக்குத் தெரியாது.

பச்சையப்பன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் பெரட்டில் வாயைத் திறப்பார், நான் மாத்திரையைப் போடுவேன், கண் மட்டும் என் தோளுக்கு மேலே ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். போத்தலை வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் கழுவிக் கொண்டுவந்து வைப்பார். குழி விழுந்தது நின்றது. முழங்கால் தட்டினால் உதைத்தது. குந்தி, கை ஊன்றாமல் எழுந்தார். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டினேன். "சரிங்க" மட்டும்தான். சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் அஞ்சலை ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் மறுபடி 'அதான்' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

பல மாதம் கழித்து ஒரு விடியற்காலை, லேசான தூறல். களத்தில் வழக்கம்போல வரிசை. நான் மாத்திரை டப்பாவோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கிராணி குடைக்குக் கீழே பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"பச்சையப்பன்!"

"வந்திருக்கோம்யா!"

கிராணி நிமிர்ந்து பார்த்தார். "ஒரு ஆளா நின்னுக்கிட்டு என்னய்யா 'கோம்'? கூட யாரு?"

பச்சையப்பன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மரத்தை இல்லை, என்னை.

என் கையிலிருந்த டப்பா நழுவி, மாத்திரை எல்லாம் சேற்றில் கொட்டியது. குனிந்து பொறுக்கினேன். சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. "என்ன டிரசரே, காலைலயே எழுந்து நிக்க முடியலையா?" என்றார் கிராணி.

"நிக்கலாம்ங்க" என்றேன், தரையைப் பார்த்தபடியே. "அவரு சொன்னபடியே போட்டுக்குங்க. ரெண்டு பேரும் வந்திருக்காங்க."